மழை விடும் பாடம்

சிப்பித்துறைக்காரர்களுக்கு மேகம் என்றாலே ஆகாது. மற்ற ஊர்களில் வானம் கறுத்தால் சனங்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். சிப்பித்துறையில் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடுவார்கள். கடல்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவிட்டு, கால் வெந்து கண் கூசி வாரிக் குவித்த உப்பு ஒரு தூறலுக்குத் தாங்காது. கரைந்த உப்புக்குக் கூலியும் கிடையாது. ஆகவே அந்த ஊரில் மேகத்தைத் திட்டுவது தும்முவது மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

திட்டுகிறவர்களில் பேச்சிக்கனிக்குத் தனி மரியாதை உண்டு. அவள் வாயைத் திறந்தால் மேகம் பயந்துபோய் அடுத்த ஜில்லாவில்தான் பெய்யும் என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசுவார்கள். போன வருஷம் பங்குனி மாதம், பருவம் தப்பி ஒரு மழை கொட்டியது. அன்றைக்குப் பேச்சிக்கனி கரைந்து வழியும் உப்பின் நடுவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "இந்த மழையைக் கொண்டாந்தவ வெளங்குவாளா? அவ கண்ணு அவிஞ்சு போவ!" என்று அவள் போட்ட சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில், ஜன்னலோரம், ஒன்றாம் வகுப்பில் அவள் மகள் இசைவாணி உட்கார்ந்திருந்தாள்.

பேச்சிக்கனி அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். திட்டியவர்களுக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது.

இந்த வருஷம் தை பிறந்த கையோடு ஒரு சாயங்காலம், இரண்டாம் வகுப்பு இசைவாணி தலைக்கு மேல் ஒரு மேகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

சின்ன மேகம்தான். திருவிழாப் பஞ்சுமிட்டாய் அளவு இருக்கும். அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. வாசல் நிலையில் இடித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்து, உள்ளே வந்து மறுபடி ஒன்றானது. மீன் கழுவிக்கொண்டிருந்த பேச்சிக்கனியின் கையிலிருந்து சாளை வழுக்கித் தண்ணீருக்குள்ளேயே போய் விழுந்தது.

"ஏட்டி, என்னட்டி இது?"

"மேகம்மா. டீச்சர் குடுத்தாங்க. எங்க க்ளாஸ்ல எல்லாருக்கும் ஒண்ணொண்ணு. இது பேரு தொப்பை."

"தொப்பையா?"

"எந்நேரமும் குடிச்சிக்கிட்டே இருக்கும்மா. அதான்."

பேச்சிக்கனி முதலில் விளக்குமாற்றைத்தான் எடுத்தாள். வீசிய வீச்சு மேகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. விளக்குமாறு நனைந்தது, அவ்வளவுதான். மேகத்துக்குள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மணி மினுங்கியது.

"அடிக்காதம்மா, பாவம். கையை நீட்டு," என்றாள் இசைவாணி. ஈரக் கையை நீட்டியதும் அதில் வாயைத் திறந்து "ஹா" என்று ஊதினாள். "எப்படி இருக்கு?"

"சுடுது."

"இப்ப?" உதட்டைக் குவித்து "ஃபூ" என்று ஊதினாள்.

"குளுகுளுன்னு இருக்கு."

"ஒரே மூச்சுதாம்மா. ஹான்னா சூடு, ஃபூன்னா குளிர்ச்சி. அந்த மணியில ஹான்னு ஊதுனா அது முழிச்சிக்கிட்டுக் காத்துல உள்ள தண்ணியெல்லாம் கூப்பிடும். ஃபூன்னு ஊதுனா எல்லாத்தையும் கீழ விட்டுரும்."

"விட்டுரும்னா? பெய்யுமா?" பேச்சிக்கனிக்கு வேறு கேள்வி தோன்றவில்லை.

"ஆமா. நான் ஊதுனாத்தான்."

"நீ ஊதிராத, கேட்டியா?"

"ஊத மாட்டேம்மா," என்று இசைவாணி மிகவும் பொறுப்பாகத் தலையாட்டினாள்.

மறுநாள் பேச்சிக்கனி பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். திரையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கை மரத்துப்போய்விட்டது, இனிச் சின்ன வகுப்புகளில் எல்லாவற்றையும் தொட்டும் செய்தும்தான் படிக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த காலம் அது. அதனால் இரண்டாம் வகுப்பு ஒரு சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஒரு மூலையில் முட்டை குழாய்த் தண்ணீரில் மூழ்கியது, அளத்துத் தண்ணீரில் மிதந்தது. ஒரு பையன் காந்தத்தை மணலில் புரட்டி அதற்கு இரும்புத்தூள் மீசை முளைக்கவைத்துக்கொண்டிருந்தான். எல்லாத் தலைகளுக்கு மேலும் ஒவ்வொரு மேகம். கூரையில் தட்டி, ஒன்றோடொன்று உரசி, பிள்ளைகள் குனிந்தால் அவையும் குனிந்தன.

ஜெசிந்தா டீச்சர் நாகர்கோவில் பக்கம். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிரித்த முகம்.

"பயப்படாதீங்க இசைவாணியம்மா. நீர்ச்சுழற்சிப் பாடம். ரெண்டு வாரம் மேகம் வளக்கணும். நெறைஞ்சதும் கடைசி நாள் எல்லாரும் சேந்து மழை விடணும். மணி அவங்க கையிலயே வந்து விழும். பெட்டியில போட்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவோம்."

"நான் ஊதுனா இது கேக்குமா டீச்சர்?"

"கேக்காது. நான் ஊதுனாலும் கேக்காது. சின்னப் பிள்ளைங்க மூச்சுக்குத்தான் மசியும். அப்படிப் பூட்டு போட்டிருக்காங்க."

"ஏன், பெரியவங்க என்ன பாவம் பண்ணினோம்?"

டீச்சர் சிரித்தார். "காத்துலேர்ந்து தண்ணி எடுக்கிற சாமான் நம்ம கையில கெடைச்சா என்ன பண்ணுவோம்? கேன்ல அடைச்சு விப்போம். செஞ்சவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. அதான் பிள்ளைங்களுக்கு மட்டும்னு வெச்சிட்டாங்க."

நல்ல எண்ணத்தோடு போட்ட பூட்டுதான். அதில் சந்தேகம் இல்லை.

வகுப்பு முடிந்ததும் மற்ற பிள்ளைகள் தங்கள் மேகங்களை 'நில்லு' என்று சொல்லிப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நிறுத்திவிட்டுப் போவார்கள். இசைவாணிக்கு மனசு கேட்காது. தொப்பையைக் கூடவே கூட்டி வந்துவிடுவாள். அது அடுப்படிக்கு வந்து சோற்றுப்பானையின் ஆவியை மெல்ல உறிஞ்சும். கொடியில் போட்ட ஈரச்சேலை எடுக்குமுன் மொடமொடவென்று காய்ந்திருக்கும். விடியும்போது பேச்சிக்கனி கண்ணைத் திறந்தால், ஜன்னல் வெளிச்சம் மேகத்தின் வயிற்றில் விழுந்து அறை முழுவதும் பால் நிறத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதன் அடியில் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். கனவு முடிந்துவிட்டதா இன்னும் நடக்கிறதா என்று தெரியாமல் பேச்சிக்கனி கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருப்பாள். புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவன். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டில் ஒரு மேகம் வளைய வருவதும் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இசைவாணி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். தொப்பையும் வந்தது. பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சிக்கனியின் முதுகில் திடீரென்று ஏதோ மாறியது. என்னவென்று அவளுக்கு உடனே புரியவில்லை. யாரோ தலையில் கை வைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நிழல். உப்பளத்தில் மரம் முளைக்காது, கூரை போட மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்து வாருகிறாள், வேலை நடுவில் அவள் மேல் நிழல் விழுந்தது அதுதான் முதல் தடவை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாத்தியைப் பார்த்தாள். கண் கூசாமல் பார்த்தால் அது எவ்வளவு அழகாக இருந்தது!

"இன்னும் கொஞ்சம் நில்லு மக்களே," என்றாள் மகளிடம். "சோறு ஆறட்டும்."

இசைவாணி வெகுநேரம் நின்றாள். அதில்தான் ஆரம்பித்தது எல்லாம்.

தொப்பை நிழல் மட்டுமா கொடுத்தது? அந்தப் பாத்தியின் மேல் இருந்த காற்றின் ஈரத்தையும் குடித்தது. காற்று காய்ந்தால் உப்பு சீக்கிரம் பூக்கும். மேற்கேயிருந்து வறண்ட கச்சான் காற்று வீசுகிற நாளில் எப்படிப் பூக்குமோ அப்படி, மறுநாள் அந்த ஒரு பாத்தி மட்டும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

அளத்து மேனேஜர் ராஜதுரை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்பாவும் இதே அளத்தில் வாரியவர்தான். தப்பித்துப் படித்து மேலே வந்தவர். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர்.

"பேச்சி, இது மட்டும் எப்படி இப்படிப் பூத்திருக்கு?"

பேச்சிக்கனி பெருமையாகவே சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை எந்தத் தாய் விடுவாள்?

அடுத்த வாரமே அளத்துச் செலவில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கழிப்பறை வந்தது. சத்துணவோடு இன்னொரு முட்டை வந்தது. 'களப்பாடம்' என்று ஒரு பெயரும் வந்தது. தினமும் காலையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக அளத்து வரப்பில் நடக்க வேண்டும், காற்றையும் உப்பையும் நேரில் படிக்க வேண்டும். பார்க்க அவ்வளவு அழகு! நீலப் பாவாடைகளும் நீலக் கால்சட்டைகளும் வெள்ளை வரப்பில் ஊர்ந்து போகும். மேலே வெள்ளை மேகங்கள் ஊர்ந்து போகும். கீழே பாத்தித் தண்ணீரில் எல்லாம் தலைகீழாக ஊர்ந்து போகும். உப்புக் குவியல்களைக் கணக்கெடுக்க வரும் ட்ரோன்கூட அந்த வரிசைக்கு மேலே கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போனது.

உப்பு பூத்துத் தள்ளியது. வாருகிற கைகளுக்கு ஓய்வில்லை, ஆனால் வேலை இல்லாத நாளும் இல்லை. இரண்டு வாரம் முடிந்தபோது ஜெசிந்தா டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, மழை விடும் பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது என்றார்.

"சீசன் முடியட்டும் டீச்சர்," என்றார் ராஜதுரை, பணிவாக. "அதுங்க குடை அளவு வளந்ததும் நின்னுரும், ஒண்ணும் பண்ணாதுன்னு எங்க இஞ்சினியர் சொல்றாரு. பிள்ளைங்க சந்தோசமாத்தான இருக்கு?"

முதலில் எழுந்து பேசியது பேச்சிக்கனிதான். "எம்புள்ள எங்கண்ணு முன்னால நிக்கா. எனக்கு நெழல் குடுக்கா. இதுல என்ன டீச்சர் தப்பு? இப்ப போய் மழை கிழைன்னுக்கிட்டு!"

எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

மாசி போனது. மேகங்கள் குடை அளவு வளர்ந்து நின்றன. பிள்ளைகளுக்கு உதடு வெடித்தது. கச்சான் காற்று என்று சொல்லித் தேங்காயெண்ணெய் தடவினார்கள். இசைவாணி எந்நேரமும் செம்பும் கையுமாக இருந்தாள், குடித்த தண்ணீர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சீப்பு வைத்தால் முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. இரண்டு மூன்று தடவை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "அம்மா, கண்ணு எரியுது," என்றாள். அளத்தில் யாருக்குத்தான் கண் எரியவில்லை? "கண்ணாடி போட்டுக்க," என்றாள் பேச்சிக்கனி. ஒரு தடவை அவள், "எங்கண்ணு அவிஞ்சிருமாம்மா?" என்று கேட்டாள். "போட்டி, லூசு," என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

பங்குனியில் ஒரு காலை. வரிசையில் நடந்துகொண்டிருந்த இசைவாணி வரப்பில் கால் தடுக்கிப் பாத்திக்குள் விழுந்தாள். முட்டி தேய்ந்துவிட்டது. தேய்ந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அவள் போட்ட அலறலில் பேச்சிக்கனி வாரிப்பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள். தூக்கி வரப்பில் உட்காரவைத்து, குடத்து நல்ல தண்ணீரை முட்டியில் ஊற்றினாள். பிள்ளை வாய்விட்டு அழுதுகொண்டே இருந்தாள்.

அழுகைச் சத்தம் வந்தது. கண்ணீரைக் காணோம்.

பேச்சிக்கனி மகளின் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கண் செக்கச்செவேலென்று இருந்தது. கண்ணிலிருந்து கன்னம் வழியாகத் தாடை வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. விரலால் தொட்டாள். நறநறவென்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணோரத்தில் ஈரம் கசிந்தது, கசிந்த இடத்திலேயே வற்றியது, வற்றிய இடம் வெளுத்தது.

இந்த உலகத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்று உண்டென்றால் அது இதுதான். தண்ணீரைக் கட்டு, காற்றைக் காயவிடு, தண்ணீர் போகும், உப்பு நிற்கும். மகளின் கன்னத்தில் உப்பு பூத்திருந்தது.

"டீச்சர்!"

ஜெசிந்தா டீச்சர் வரிசையின் கடைசியிலிருந்து ஓடி வந்தார். கன்னத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது என்னது டீச்சர்? சொல்லுங்க."

"நெறைஞ்ச மேகம் பெய்யணும்," என்றார் டீச்சர். "பெய்ய விடாம வெச்சிருந்தா, பாரம் தாங்கிக்கிட்டு நிக்கிறதுக்காக, பக்கத்துல எது ஈரமா இருக்கோ அதை இழுக்கும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அளத்து இஞ்சினியர்கிட்ட கேட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு. நம்பிட்டேன். நம்புறதுதான் எனக்கு வசதியா இருந்துச்சு."

"பக்கத்துல ஈரமா இருக்கது..."

"பிள்ளைங்கதான். இவ ராப்பகலா கூடவே வெச்சிருந்தா. இப்படியே விட்டா கண்ணு..."

பேச்சிக்கனி அண்ணாந்து பார்த்தாள். தொப்பை ஒன்றும் அறியாததாக, கொழுகொழுவென்று, வயிறு சாம்பல் பூத்து மகளின் தலைக்கு மேல் நின்றது. அதன் நிழலில்தானே நேற்று உட்கார்ந்து சோறு தின்றாள்! இத்தனை நாளும் அவள் மேல் விழுந்த நிழல் அவள் பிள்ளையிடமிருந்து எடுத்தது.

"அப்ப பெய்ய விடுங்க. இப்பவே."

"நான் ஊதுனா பெய்யாதே! அவதான் ஊதணும். உதடு வெடிச்சதைப் பாத்துட்டு நேத்தும் கெஞ்சிப் பாத்தேன், மாட்டேங்கிறா. இவளைப் பாத்து மத்ததுகளும் மாட்டேங்குது."

இதற்குள் ராஜதுரை வந்துவிட்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க வேண்டாம் பேச்சி. பக்கத்துலதான் கடல். கூட்டிக்கிட்டுப் போய் அங்க விடச் சொல்லு. ஒருத்தருக்கும் நட்டம் இல்ல. வா, வண்டியில ஏறு."

நியாயமான யோசனையாகத்தான் இருந்தது. பேச்சிக்கனி மகளைத் தூக்கினாள். இசைவாணி கையிலிருந்து நழுவி வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கயும் விட மாட்டேன். கடல்லயும் விட மாட்டேன்."

"ஏன் மக்களே? ஒரு ஊதுதானே?"

"நீதான ஊதாதேன்னு சொன்னே?"

"இப்ப அம்மாவே சொல்லுதேம்லா? ஊது."

இசைவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். பிறகு வரப்பு மண்ணைப் பார்த்தே பேசினாள்.

"மழையைக் கொண்டாந்தவ கண்ணு அவிஞ்சு போவும்னு நீ சொன்னேல்லா? அன்னைக்குக் கத்துனேல்லா? நான் கொண்டாரவே இல்லம்மா. புடிச்சு புடிச்சு வெச்சிருக்கேன். அப்பவும் எங்கண்ணு அவியுது. விட்டுட்டேன்னா மொத்தமும் போயிரும்."

பேச்சிக்கனி மகளுக்கு எதிரே, ஈர மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆயுசில் வாயிலிருந்து விழுந்த திட்டுகளையெல்லாம் யார் பொறுக்கி வைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. ஒருத்தி பொறுக்கி வைத்திருந்தாள். ஏழு வயசுக்காரி.

சமாதானம் சொன்னால் நம்பமாட்டாள், அது தெரிந்தது. கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும்தானே இந்தப் பிள்ளைகள் எதையும் நம்பப் பழகியிருக்கிறார்கள்.

பேச்சிக்கனி எழுந்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் அவளும் அவள் கூட்டமும் மாசியிலிருந்து வாரிக் குவித்த உப்பு, மலையாக, லாரிக்குக் காத்துக்கொண்டு நின்றது. எடை போடாத உப்பு. கூலி வராத உப்பு. ராஜதுரை தடுக்குமுன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதன் அடியில் போய் நின்றாள். தொப்பை பின்னாலேயே வந்து குவியலுக்கு மேல் நின்றது.

"இங்க பாருட்டி. கடலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இங்கயே பெய்யச் சொல்லு. எம்மேல பெய்யச் சொல்லு."

"உப்பு கரைஞ்சிரும்மா!"

"கரையட்டும்."

"நீ திட்டுவே."

"திட்ட மாட்டேன். எனக்கு மழை வேணும்."

அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் சொன்னதே இல்லை. அவள் அம்மாவும் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகு அவளுக்கே அது வேறு யாரோ பேசியது போல இருந்தது. அதனால் இன்னொரு தடவை சொன்னாள். "எனக்கு மழை வேணும் மக்களே."

இசைவாணி அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பொய்யா என்று தேடினாள். பிறகு உதட்டைக் குவித்தாள். வெடித்த உதடு, குவிக்கும்போதே ரத்தம் கசிந்தது. "வலிக்கும்மா."

பேச்சிக்கனி, அடுப்பில் சுட்ட விரலுக்கு எப்போதும் செய்வது போல, மகளின் உதட்டில் மெல்ல ஃபூ என்று ஊதினாள். மேகம் அசையவில்லை. அவள் மூச்சு அதற்குக் கேட்காது. ஆனால் கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது.

இசைவாணி அண்ணாந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினாள்.

முதல் துளி பேச்சிக்கனியின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது தோளில். பிறகு தொப்பை, இத்தனை வாரமாகக் குடித்ததையெல்லாம், சோற்றுப்பானை ஆவியையும் சேலை ஈரத்தையும் பாத்திக் காற்றையும் ஒரு பிள்ளையின் கண்ணீரையும் மொத்தமாகக் கீழே விட்டது. குடை அளவு மேகம்தான், ஆனால் அதற்குள் ஒரு கிணறே இருந்திருக்கிறது. குவியலின் உச்சி குழிந்தது. சரிவில் ஓடைகள் விழுந்தன.

பழக்கதோஷம், பெண்கள் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "விடுங்கட்டி!" என்றாள் பேச்சிக்கனி. "உங்க பிள்ளைங்க மூஞ்சைப் பாருங்க முதல்ல!"

பார்த்தார்கள். தார்ப்பாயைப் பிடித்த கைகள் தளர்ந்தன. வரப்பில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் தன் அம்மாவைத் தேடிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகனின் கன்னத்தைத் தடவிவிட்டு, விரலைப் பார்த்து, "ஊதுடா," என்றாள். இன்னொருத்தி மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போனாள், மேகமும் அவர்கள் பின்னால் இழுபட்டுப் போனது. மற்றவர்கள் யோசித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ஊதவிட்டார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, வானத்தில் வேறு மேகமே இல்லாதபோது, சிப்பித்துறை அளத்தில் அங்கங்கே குடை குடையாக மழை பெய்தது. ஜெசிந்தா டீச்சர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு நனைந்தார். ராஜதுரை யாருக்கோ போன் செய்ய எடுத்தவர், செய்யாமல் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த சீசன் அன்றோடு போயிற்று. கூலி வராது, கேட்டால் வேலையும் இருக்காது. பேச்சிக்கனிக்கு அதெல்லாம் தெரிந்தேதான் இருந்தது.

தொப்பை மெலிந்து, பஞ்சுமிட்டாய் ஆகி, ஒரு மூச்சுப் புகையாகிக் கலைந்தது. மணி மட்டும் சுழன்று வந்து இசைவாணியின் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், ஒன்றுமே இல்லாத நீல வானத்தைப் பார்த்தாள்.

"தொப்பை போயிருச்சும்மா," என்று விசும்பினாள்.

கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வற்றவில்லை. கன்னத்து வெள்ளைக் கோட்டைக் கரைத்துக்கொண்டு, தாடையில் தொங்கி, அம்மாவின் தோளில் விழுந்தது. மழைத் தண்ணீர் எது, கண்ணீர் எது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. பேச்சிக்கனி மகளின் கன்னத்தில் வாயை வைத்து முத்தம் கொடுத்தாள்.

கரித்தது. அவ்வளவு நல்ல உப்பு அவள் கைக்கு அதுவரை வந்ததே இல்லை.